பையை விடு

என் அக்காவுக்குத் தொலைபேசியில் முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்வதுதான் பழக்கம். மகளின் கல்யாணத்துக்குக் கோயிலில் நாள் எடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று என்று முக்கால் மணி நேரம் கதைத்தார். வைக்கப் போகும் நேரத்தில், "தம்பி, இஞ்ச பபூன் குரங்கு வீட்டுக்குள்ள வாறது. பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா" என்றார். மழைக்காலம், குடை கொண்டு வா என்கிற மாதிரியான குரல்.

அக்கா கணக்கு வாத்தியார் ஒருவரைக் கட்டி, நாலு வயது மகளோடு தென்னாபிரிக்காவுக்குப் போனவர். கேப்டவுனுக்கு வெளியே, மலையடிவாரத்தில் வீடு. நாங்கள் மன்னார்ப் பக்கம். பிள்ளைகள் அவரும் நானும் இரண்டே பேர். அவரை நேரில் பார்த்துப் பத்தொன்பது வருடம். அவர் போய்ச் சில வருடத்தில் நான் போட் ஏறி இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. பதினொரு வருடம் அப்படியே போயிற்று. போன வருடத்துக்கு முதல் வருடம்தான் நிரந்தர விசா வந்தது. அக்காவின் மகளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். பத்திரங்கள் எல்லாம் சரி. பக்கத்து ஊர் டண்டினொங்கில் டிக்கெட் போடுகிறவர் மூன்று இருக்கைகளைத் திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும் பிடித்து வைத்திருந்தார். அதற்குள்தான் இந்தக் கண்டறியாத பபூன் வந்து குறுக்கே நின்றது.

அக்கா பேசியதை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். புத்திகெட்ட வேலை. பக்கத்தில் மகள் இருந்தாள். வயது ஒன்பது, எதையும் தேடிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் டப்லெட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாயைத் திறந்தபடி ஒரு ஆண் பபூன். சும்மா சொல்லக்கூடாது, கோரைப்பல் ஒவ்வொன்றும் என் சின்னவிரல் நீளம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வந்தது.

"ஐ ஆம் நொட் கமிங், அப்பா."

பிள்ளை வராவிட்டால் தானும் வரவில்லை என்றாள் மனைவி. நீங்கள் தனியப் போட்டு வாங்கோ என்றும் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் அந்தத் "தனிய" என்னைக் கதிரையோடு சேர்த்துக் கட்டியது. அக்கா என் மனைவியையும் மகளையும் நேரில் கண்டதே இல்லை. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு போய் நின்று, இவர்கள்தான் என் குடும்பம் என்று அங்கேயும் போனைத் திறந்தா காட்டுவது? போனால் மூன்று பேர், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. அன்றைக்கு வியாழக்கிழமை. எனக்கு இருந்தது நாலு நாள்.

நான் ஒன்றும் விஷயம் தெரியாத மனிதன் இல்லை. டண்டினொங் கிடங்கில் புதிதாக வருகிறவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்புச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முப்பது பெரிய ஆம்பிளைகளை மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கவைக்கிற எனக்கு ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பிரச்சினையா? அக்காவிடம் கேட்டேன். அவர்கள் இடத்தில் வீட்டுக்கு வீடு போடுகிற துண்டுப் பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நான் அதைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

துண்டில் இருந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பபூனைக் கண்டால் ஓடாதே. கண்ணுக்குள் பார்க்காதே. அதற்கும் அது போகிற வழிக்கும் நடுவில் நிற்காதே. குட்டி வைத்திருந்தால் கிட்டப் போகாதே. சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரியாதே, கொடுக்கவும் செய்யாதே. உன் பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடு, இழுபறி கூடாது.

முதல் எதிர்ப்பு மகளிடமிருந்து வரவில்லை, மனைவியிடமிருந்து வந்தது. சாப்பாடு கொண்டு திரியக்கூடாது என்பதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். அப்போது மேசையில் மூன்று பெரிய டப்பா பயற்றம் பணியாரமும் ஒரு வாளி முறுக்கும் இருந்தன; கல்யாண வீட்டுக்கு அவள் சுடத் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. வெறுங்கையோடு கல்யாண வீட்டு வாசலில் போய் நிற்கச் சொல்கிறதோ இந்தத் துண்டு என்று என்னைக் கேட்டாள். நானா எழுதினேன்? மணம் வெளியே போகாமல் மூன்று உறை போட்டுச் சுற்றலாம் என்று முடிவாயிற்று. அப்படியும் மணந்தால் பபூனுக்கும் நாலு பணியாரம் கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை என்று முணுமுணுத்தாள். கொடுக்கக்கூடாது என்று அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

மகளின் எதிர்ப்பு வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போவதற்கு முன் ஒரு படிவம் நிரப்புவார்களாம்: என்ன ஆபத்து, எவ்வளவு ஆபத்து, யார் பொறுப்பு. அதை மாதிரி ஒன்றைக் கோடு போட்டு எழுதிக் கொண்டுவந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? கடித்தால் எந்த ஊசி? பொறுப்பான பெரிய ஆள் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குறி எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாயைக் கொடுத்தேன். சின்ன வயதில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் கூடாரம் அடித்திருந்தபோது, குரங்குக் கூட்டம் ஒன்று நாங்கள் சாப்பிட வைத்திருந்த பாண் பொதியைத் தூக்கியதையும், நான் ஒற்றை ஆளாகத் தடியோடு நின்று அவ்வளவையும் கலைத்ததையும் விளக்கமாகச் சொன்னேன். கல்லால் எறிந்ததையும் விடவில்லை. மகள் அமைதியாகக் கேட்டுவிட்டு, கல் எறிவது அனுமதி இல்லை, மிருகவதை என்றாள். மற்றபடி கொஞ்சம் நம்பின மாதிரித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, அங்கே நடுச்சாமம், அக்கா நித்திரை கொள்ளாமல் வீடியோவில் வந்தார். மகள் முதல் வேலையாக மடுக் கதையைக் கேட்டாள். அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். "கொப்பரோ? குரங்கைக் கண்ட உடன கொப்பர் சோறு காய்ச்சுற கிடாரத்துக்குள்ள இறங்கி மூடியையும் போட்டிட்டார். அகப்பையோட கலைச்சது நான்." மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு போய்ப் படிவத்தை எடுத்து என் பெயரை வெட்டினாள். உடன்பிறப்பு என்று எனக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒன்றுதான், அதுவும் இப்படி.

இனிப் பேச்சு வேண்டாம், பயிற்சிதான் என்று அன்றைக்கு மத்தியானம் முடிவெடுத்தேன். எங்கள் மல்கிரேவ் வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை காய்க்கிற ஒரு தேசிமரமும் துணிக்கொடியும் இருக்கின்றன. மகள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்குக் கீழே நடந்து வரவேண்டும். மரத்துக்குப் பின்னாலிருந்து நான் பபூனாகப் பாய்வேன். நாற்பத்தைந்து வயது, முதுகு நோ, இடுப்பில் சாரம் வேறு. நாலு காலில் புல்லுக்குள் போவது இலேசான காரியம் இல்லை. என்றாலும் எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பல்லைக் காட்டினேன், நெஞ்சில் அடித்துக் குரைத்தேன். நெஞ்சில் அடிப்பது வேறு குரங்கு அப்பா என்று மகள் திருத்தினாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் எட்டிப் பார்த்தார். நான் நாலு காலில் நின்றபடியே வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொல்லிவிட்டுத் தலையை மெல்லக் கீழே இறக்கினார். அடுத்த நாள் மனைவியிடம், கணவர் நன்றாகத் தூங்குகிறாரா என்று விசாரித்திருக்கிறார்.

பிள்ளை கெட்டிக்காரி. ஓடவில்லை, கண்ணுக்குள் பார்க்கவில்லை, நான் போகிற வழியில் நிற்கவில்லை. மெல்ல மெல்லப் பின்னால் நடந்தாள். கிடங்கில் இப்படி ஒருவர் செய்தால் தேறிவிட்டார் என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். பையில்தான் எல்லாம் குழம்பியது. நான் பையைப் பிடித்து இழுத்தால் அவளும் இழுத்தாள். விடு என்றேன், விடவில்லை. துண்டில் இருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கிளி மாதிரிச் சொன்னாள். மறுபடி இழுத்தால் மறுபடி பிடி. ஆறாம் தரம் பையின் வார் அறுந்து நான் தேசிமரத்தடியில் மல்லாக்க விழுந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. பையா பெரிசு, உயிரா பெரிசு, உள்ளே இருப்பது ஒரு பாண் துண்டுதானே என்று கத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் செபமாலை சொன்னோம். எங்கள் வீட்டில் செபமாலை முடிந்தால் ஆளுக்கு ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். மனைவி வழக்கம்போல ஒரு நீண்ட பட்டியல் வாசித்தாள். மகளின் முறை வந்தது. "அப்பாவைப் பபூனிட்ட இருந்து காப்பாற்றும், ஆண்டவரே" என்றாள். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று நானும் சேர்ந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், உள்ளுக்குள் வெந்துகொண்டு. கிடாரத்துக்குள் ஒளித்தவன் என்பதற்காகச் செபத்திலும் குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மோட்டு மனிதன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கடைசி முயற்சி. வார் அறுந்த பை உதவாது. கதவுக்குப் பின்னால் கொழுவியில் என் கறுப்புப் பை தொங்கியது. அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசாக் கடிதங்கள், நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், இப்போது பயணப் பத்திரம், எல்லாம் அதற்குள்தான். அந்தப் பதினொரு வருடமும் அதைத் தோளில் போடாமல் நான் பால் வாங்கவும் போனதில்லை. பையை எடுத்தாச்சா, பை எங்க, பையை விட்டிட்டு வராதேங்கோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இந்த வீட்டில் கேட்கும். நான் உள்ளே இருந்ததை எல்லாம் அலுமாரியில் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வாழைப்பழத்தைப் போட்டு, மகளின் தோளில் மாட்டிவிட்டேன். பேப்பர்களை எடுத்ததை அவள் காணவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தேன். அவள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் வாரில் கையை வைத்து இழுத்தேன். "பையை விடு" என்று உறுமினேன். அவள் குனிந்தாள். குனிந்து என் மணிக்கட்டில் கடித்தாள். விளையாட்டுக் கடியில்லை, பல் பதிந்த கடி. பபூன் பையைப் பிடித்தால் என்ன செய்வது என்று துண்டில் இருக்கிறது. பபூனைக் கடிக்கிற பிள்ளையை என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. நான் கையை உதறிக்கொண்டு எழும்பி வாயில் வந்ததை எல்லாம் ஏசத் தொடங்கினேன். அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

"இதுக்குள்ளதானே உங்கட விசா இருக்கு. இதை விட்டா உங்களைத் திரும்பி உள்ள விடமாட்டினம், அப்பா."

ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் மன்னாரில் எங்கள் அம்மா செத்துப்போனார். அக்கா கேப்டவுனிலிருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இந்த வீட்டுக் குசினியில் இருந்து போனில் பார்த்தேன். பெட்டியை மூடியதையும் போனில்தான் பார்த்தேன். அப்போது ஐந்து வயதாக இருந்த மகள் என் மடியில் இருந்தாள். நாங்கள் ஏன் அங்க போகேல்லை என்று கேட்டாள். போனால் அப்பாவைத் திரும்பி உள்ள விடமாட்டாங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. நிரந்தர விசா வந்த அன்று கேக் வெட்டினோம், ஆனால் என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அவளுடைய அப்பா வெளியே போகப் போகிறார், அங்கே பை பறிக்கிற ஒரு மிருகம் இருக்கிறது, பறித்தால் விட்டுவிடு என்று அதே அப்பாவே இரண்டு நாளாகக் குரைத்துக் குரைத்துச் சொல்லித் தருகிறார். பல்லுக்கா அவள் பயந்தாள்?

நான் புல்லில் இருந்துவிட்டேன். பேப்பர் ஒன்றும் பைக்குள் இல்லை, எல்லாம் அலுமாரியில் இருக்கிறது என்றேன். எனக்கும் அந்தப் பயம்தான் பிள்ளை, பபூனுக்கு எனக்குப் பயமில்லை, திரும்பி வருகிற அன்றைக்கு விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக்கூண்டுக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் பயம் என்றேன். அதைச் சத்தம் போட்டு நான் யாருக்கும் சொன்னதில்லை, மனைவிக்கும். மனைவி துணிக்கொடியடியில் ஈரத் துணியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்திரத்தைப் பைக்குள் வைத்தால்தானே குரங்கு எடுக்கும், சட்டைக்கு உள்ளால் பொக்கற் தைத்துத் தருகிறேன், குரங்கு வேண்டுமானால் பையையும் வாழைப்பழத்தையும் கொண்டு போகட்டும் என்றாள். இவ்வளவுதான் விஷயம். இதற்காக இரண்டு நாள் நான் நாலு காலில் நடந்திருக்கிறேன்.

மகளுக்கு அது பாதிதான் போதுமாக இருந்தது. பொக்கற் சரி, அந்தக் கூண்டுக்காரர் என்ன கேட்பார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நான் ஒரு தரமும் திரும்பி வந்ததில்லையே. அவள் உள்ளே போனாள். குசினிக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையையும் சின்ன மேசையையும் கொண்டுவந்து போட்டு, மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து இருந்தாள். அலுமாரியில் இருக்கிற பயணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கச் சொன்னாள். வரிசையில் நான் ஒருவன்தான்.

பத்திரத்தைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். எங்கே போனீர்கள் என்றாள். அக்காவைப் பார்க்கப் போனேன் என்றேன். எத்தனை நாள் என்றாள். பதினெட்டு என்றேன். என் வீட்டு முற்றத்தில், என் சாரத்தோடு, என் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறேன். என்றாலும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு நேராக நின்றேன். அவள் எல்லாப் பக்கத்தையும் ஆறுதலாகப் புரட்டினாள்.

"ஏன் திரும்பி வாறீங்கள்?"

ஏன் வந்தாய் என்று அந்தப் பதினொரு வருடமும் எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஏன் திரும்பி வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"என்ர வீடு இஞ்சதான்" என்றேன்.

அவள் பத்திரத்தை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள். "ஓகே. போங்கோ." நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "அப்பா, விட்டாச்சு. உள்ள போகலாம்" என்றாள். மேசையைத் தாண்டிக் குசினிக் கதவு வரைக்கும் நடந்தேன். கண் கலங்கி, கதவின் பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பின்னால் அவள் தாயைக் கூப்பிட்டு, டண்டினொங் டிக்கெட்காரருக்கு இப்போதே போன் எடுத்து மூன்று டிக்கெட்டும் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.